நெடுஞ்சாலையில் ஓர் இடைவெளி

ஆம்பூரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே நான் அதற்கு வண்ணம் தீட்டி முடித்திருந்தேன். நாகர்கோவிலில் என் வீட்டு மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, செயற்கைக்கோள் படத்தின் மேல் துண்டு துண்டாகத் தீட்டியது அது. வீடுகளுக்கு மஞ்சள், தொழிற்சாலைக்கு ஊதா, கடைத்தெருவுக்கு நீலம், மரம் செடி தெரிந்த இடமெல்லாம் பச்சை. வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை தோல் தொழில் நடக்கும் ஊர்களுக்குச் சேர்த்து ஒரு திட்டம் போடுகிறார்கள். எந்த நிலம் எதற்கு, பஸ் எந்த வழியில், பூங்கா எங்கே, ஜனங்கள் நடந்துபோக எது பாதை என்பதெல்லாம் அதில் வரும். அதை எழுதிக் கொடுக்கும் தனியார் கம்பெனியில் நான் வரைபடக்காரன்.

வரைவுத் திட்டத்தை ஜனங்கள் பார்வைக்கு வைத்தாயிற்று. ஆட்சேபம் சொல்ல வருகிறவர்களை அரசு அதிகாரி நேரில் கேட்கும் கூட்டம் திங்கட்கிழமை. அதற்கு முன்னால் யாராவது ஊருக்குப் போய், படத்தில் இருப்பதுதான் தரையிலும் இருக்கிறதா என்று பார்த்து வர வேண்டும். "நீங்கதானே வரைஞ்சீங்க, நீங்களே போய்ட்டு வாங்க" என்றார் கம்பெனியில் என் மேலதிகாரி. முப்பது வருடமாக ஊர் ஊராக வரைந்திருக்கிறேன், பாதி ஊர்களுக்குப் போனதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு. மனைவி ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ் கட்டிக் கொடுத்தாள்.

புதன்கிழமை வேலூரில் ஏறிய பஸ், விரிஞ்சிபுரம் தாண்டியதும் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. கண்டக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. "பின்னாடி வர்ற வண்டில ஏத்தி வுட்டுர்றேன், யாரும் பேஜார் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு நிழல் பார்த்து உட்கார்ந்தார். பயணிகளும் இதற்கென்றே வந்தவர்கள் மாதிரி இறங்கி நின்றார்கள். நான் பாலாற்றைப் பார்த்து வரலாமென்று நடந்தேன்.

என் படத்தில் பாலாறு நல்ல நீல நிறம். இங்கே கரையிலிருந்து கரை வரை மணல்தான் கிடந்தது. நடு ஆற்றில் ஆடு மேய்ந்தது. எங்கள் ஊரில் ஐப்பசி வந்தால் குளம் உடைந்துவிடுமோ என்றுதான் பயப்படுவோம், தண்ணீர் எங்கே என்று யாரையும் கேட்டுப் பழக்கமில்லை. கூடவே நடந்து வந்த கொய்யாப்பழ வியாபாரியிடம் கேட்டேன்.

"ஆத்துல தண்ணி எப்பம் வரும்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வந்தா டிவில காட்டுவாங்க சார். அப்ப வந்து பாத்துக்குங்க. ஆமா, நீங்க கேரளாவா?"

நாகர்கோவில் என்றேன். அதற்குப் பிறகு ஆறு நாளில் எட்டுப் பேராவது இதைக் கேட்டார்கள். தமிழ்நாட்டின் தெற்கு முனையில் பிறந்தவனுக்கு வடக்கே இப்படியொரு தண்டனை.

வியாழக்கிழமை காலை அன்வர் பாயின் ஆட்டோவை நாள் வாடகைக்குப் பேசிக்கொண்டேன். நாற்பது வயதிருக்கும். முன்பு தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தவர், கையில் தோல் உரிந்து உரிந்து வந்ததால் விட்டுவிட்டு ஆட்டோவுக்கு வந்தாராம். படத்தில் நான் பச்சையடித்த ஒரு பெரிய துண்டைக் காட்டி, அங்கே போகச் சொன்னேன். வரைவுத் திட்டத்தில் அதைப் பூங்காவாகக் குறித்திருந்தோம்.

"அங்க இன்னா சார் பாக்கப் போறீங்க?" என்றார்.

போய்ப் பார்த்த பிறகுதான் அந்தக் கேள்வி புரிந்தது. பச்சை இருந்தது, அத்தனையும் சீமைக்கருவேலம். அடியில் பழைய டேனரிக் கழிவு காய்ந்து சாம்பல் நிறமாக வெடித்துக் கிடந்தது. மழைநீர் தேங்கிய இடத்தில் வெளிர் நீலத்தில் ஒரு படலம். ஆட்டோவை விட்டு இறங்கியதும் மூக்கைப் பொத்தினேன். பாய் பொத்தவில்லை.

"இங்க பசங்கள வுளையாட வுடுவீங்களா சார்?"

இல்லை என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டேன். இந்த மாதிரித் தப்பைக் கண்டுபிடிக்கத்தானே வந்திருக்கிறேன், என் கடமையைச் செய்கிறேன் என்று ஒரு திருப்திகூட இருந்தது. பகல் பதினொரு மணிக்கே பாய் என்னைப் பிரியாணிக் கடைக்குக் கூட்டிப் போனார். மீன் குழம்பில் வளர்ந்த எனக்குக் காலை பதினொரு மணிக்குப் பிரியாணி என்பது சின்ன அதிர்ச்சிதான். சீரகச் சம்பா அரிசி பொலபொலவென்று விழுந்தது. கூடவே புளித்த கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டாவது முறை கத்தரிக்காய் கேட்டபோது பரிமாறியவர் மரியாதையோடு பார்த்தார்.

பிற்பகல், வரைபடம் மாட்டியிருந்த நகராட்சி மண்டபத்தில் போய் உட்கார்ந்தேன். பார்க்க வந்தவர்கள் குறைவு. தன் மனை மஞ்சளில் இருக்கிறதா ஊதாவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்று மணிக்கு ஒரு பெண் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, கையில் கையெழுத்துகளும் கைநாட்டுகளும் நிறைந்த நாலைந்து தாள்கள். ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகத் தோலைத் தைக்கிறவர், பெயர் ஸ்டெல்லா. அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தார். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நாங்க ரோடு தாண்டற எடம் இதுல எங்க சார் இருக்குது?"

எந்த இடம் என்று விசாரித்துக் காட்டினேன். ஊருக்கு வெளியே பெங்களூர் நெடுஞ்சாலையின் ஒரு பக்கம் அவர்கள் காலனி, மறு பக்கம் டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் உள்ள பேட்டை. சாலையை இரண்டாகப் பிரிக்கும் நடுத்திட்டில் ஓர் ஆட்டோ அகலத்துக்கு இடைவெளி. திட்டத்தில் அதை அடைத்து அரளி நடுவதாக இருந்தது. அதனால் என் படத்தில் அங்கே ஒரு பச்சைக்கோடு மட்டும் ஓடியது.

"பச்சைன்னா?"

"செடி. பசுமை நடுத்திட்டு."

"அப்ப வழி?"

பாலம் இருக்கும் இடத்தைக் காட்டினேன். அங்கே சுற்றிப் போக அரை மணிக்கு மேல் நடக்க வேண்டும் என்றார். எட்டு மணிக்குக் கம்பெனி கேட்டை மூடிவிடுவார்களாம். பாலத்துக்கு யாரும் போக மாட்டார்கள், செடிக்கு நடுவில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறிக் குதிப்பார்கள் என்றார். அடைக்க வேண்டாம், அதற்கு அடியில் ஒரு சுரங்கப் பாதை வேண்டும். அதுதான் மனு.

நான் சட்டம் பேசினேன். சுரங்கப் பாதை வேண்டுமானால் இத்தனை பேர் கடக்கிறார்கள் என்று கணக்கு இருக்க வேண்டும், கணக்கெடுத்தோம், காலை முழுக்க நின்று எண்ணியதில் பத்துப் பன்னிரண்டு பேர்தான், அத்தனை கொஞ்சம் பேருக்காக யாரும் தோண்ட மாட்டார்கள் என்றேன். என் குரலில் இருந்த நிதானம் இப்போது நினைத்தால் எனக்கே பிடிக்கவில்லை.

"பத்துப் பன்னெண்டு பேரா?" என்றார். கோபப்படவில்லை. தான்தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்பது போலப் பார்த்தார். "எங்கள எப்ப சார் எண்ணுனீங்க?"

"வேலை நாளில்தான்மா எண்ணினோம். ஞாயிற்றுக்கிழமை இல்லை, பண்டிகை இல்லை."

அவர் மறுபடியும் படத்தைப் பார்த்தார். பச்சைக்கோட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். "இந்தச் செவப்புப் புள்ளி இன்னா?"

"விபத்து நடந்த இடம். ஓர் உயிர் போயிருக்கிறது. அதனால்தான் அடைக்கச் சொல்லியிருக்கிறோம்."

"அது எங்க அக்கா" என்றார். "ரோஸி."

 மாடி அறையில் நான் இந்த வேலைக்காக வைத்த சிவப்புப் புள்ளிகள் ஏராளம். ஒன்றுக்குக்கூடப் பெயர் தெரியாது. அவர் தாள்களை அடுக்கி மேஜையில் வைத்துவிட்டு, திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கே அன்வர் பாயை அந்த இடத்துக்கு ஓட்டச் சொன்னேன். பாதி வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியும் பஞ்சர். "ரெண்டும் தோஸ்த்து சார், ஒண்ணாத்தான் போவும்" என்றார் பாய். மீதி வழியை நடந்தோம்.

இடைவெளி காலியாக இருந்தது. லாரிகள் மட்டும் ஒன்றன் பின் ஒன்றாக இரைந்துகொண்டு போயின. எதிரில் பேட்டையின் சாலை துடைத்துவிட்டது போலக் கிடந்தது. எட்டேகால் வரை நின்றேன். ஒரு பால்காரர், பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், இரண்டு மூன்று வேறு ஆட்கள், அவ்வளவுதான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த அம்மா துக்கத்தில் மிகைப்படுத்திப் பேசியிருக்கிறார், என் கணக்கு சரிதான் என்று மனது சொன்னது.

"பாத்தீங்களா பாய், ஆளே இல்லை."

பாய் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "இன்னிக்கு வெள்ளி சார். ஜும்மா தொழுகை. இந்தப் பேட்டைக்கு வாரத்துல இன்னிக்குத்தான் லீவு. ஞாயித்துக்கெழமை இங்க எல்லாரும் வேலைக்கு வருவாங்க. இன்னிக்கு எவன் வருவான்?"

பையைத் திறந்து எண்ணிக்கைத் தாளை எடுத்தேன்.  மேலே தேதி இருந்தது, கிழமை எழுதவில்லை. போனில் நாள்காட்டியைப் புரட்டினேன். வெள்ளி.

நடந்தது இவ்வளவுதான். எண்ணுவதற்கு வெளியூர் ஆட்கள் இரண்டு பேரை அமர்த்தி, ஞாயிறும் பண்டிகையும் வேண்டாம், வேறு எந்த நாளானாலும் சரி என்று போனில் சொன்னவன் நான். தாளின் அடியில் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவனும் நான். எங்கள் ஊரில் ஞாயிறு காலை என்றால் சர்ச் மணிச் சத்தம், கடையடைப்பு, மத்தியானம் கறிச்சோறு. உலகம் முழுக்க அப்படித்தான் என்று ஐம்பத்தாறு வயது வரை நினைத்திருக்கிறேன். எல்லாத் தோல் கம்பெனிக்கும் வெள்ளி விடுமுறை இல்லை என்று பாய் சொன்னார், ஊருக்குள்ளேயே பல கம்பெனிகளுக்கு ஞாயிறுதானாம். இந்தப் பேட்டைக்கு வெள்ளி. அதைத் தெரிந்துகொள்ள இங்கே ஒரு டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

சனிக்கிழமை அதே நேரத்தில் அங்கே நின்றேன். காலனிச் சந்திலிருந்து பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். புடவை, சுடிதார், பர்தா. எல்லார் கையிலும் சாப்பாட்டு டப்பா. வந்தவர்கள் தனித்தனியாகக் கடக்கவில்லை. இருபது முப்பது பேர் சேரும் வரை ஓரத்தில் காத்திருந்து, ஒரே வரிசையாகக் கை கோத்துக்கொண்டார்கள். வரிசையின் வலது முனையில் ஸ்டெல்லா. முதல் பாதிச் சாலையில் லாரி வலப்பக்கமிருந்து வரும். அவர் தன் எவர்சில்வர் டப்பாவைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார், வெயில் பட்டு அது பளிச்சிட்டது. லாரி வேகம் குறைந்ததும் வரிசை மொத்தமாக நகர்ந்து நடுத்திட்டு இடைவெளிக்கு வந்தது. அடுத்த பாதியில் வண்டி இடப்பக்கமிருந்து வரும். இப்போது இடது முனையில் இருந்த சின்னப் பெண் டப்பாவை உயர்த்தினாள். எதிர்ப்பக்கம் சேர்ந்ததும் கைகளை விட்டுக் கேட்டை நோக்கி நடந்தார்கள்.

மாலை கேட்டருகே காத்திருந்து ஸ்டெல்லாவைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"முன்னெல்லாம் வலது கைல அக்கா நிப்பா, எடது கைல நான்" என்றார். "அக்கா போனப்புறம் நான் வலதுக்கு வந்துட்டேன். எடதுல யாரும் நிக்க மாட்டேன்ட்டாங்க. இப்ப எம் பொண்ணு நிக்கிறா. ஜெனிஃபர். டிப்ளமோ முடிச்சிட்டுப் போன மாசம்தான் குவாலிட்டி செக்கிங்ல சேந்தா. நான் இட்டுனு வந்த எடத்துல நான்தானே நிக்க வைக்கணும். வேற யாரு பொண்ண நிக்கச் சொல்றது?"

பிறகு கேட்டார். "திங்கக்கெழம இத மேல சொல்வீங்களா சார்?"

சொல்வேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மேலதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். ஓர் ஊரின் எண்ணிக்கை தப்பு என்று நாமே சொன்னால் மற்ற ஊர் எண்ணிக்கையையும் சந்தேகப்படுவார்கள், திட்டமே தள்ளிப்போகும், பின்னிணைப்பில் ஒரு குறிப்பு சேர்த்துக்கொள்ளலாம் என்றார். "கூட்டத்துல நீங்களா எழுந்து ஒண்ணும் சொல்லாதீங்க." நானும் சரி சார் என்றேன். வாய் பழகிப் போயிருந்தது. லாட்ஜ் ஜன்னல் வழியே பார்த்தால், சாயங்காலம் வேலை முடித்து முகம் கழுவிக்கொண்டு, தலையில் முக்காடிட்டுப் பெண்கள் சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையில்தான் தொடங்குகிறது. நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் பிரிக்காமலே மேஜைமேல் கிடந்தது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அதிகாரி ஒரு பெண். பேசுகிறவர்களைக் குறுக்கிடாமல் கேட்டார். பூங்கா இடத்தைப் பற்றி நான் கொடுத்த குறிப்பை அவரே படித்து, மண்ணைச் சுத்தம் செய்யாமல் அங்கே பூங்கா கிடையாது என்று எழுதினார். ஸ்டெல்லாவின் முறை வந்தது. எழுதி வைத்துக்கொண்டு வந்திருந்தும் பாதியில் தாளை மடித்துவிட்டார்.

"செடி வேணான்னு சொல்லல மேடம். அரளி நல்லாத்தான் இருக்கும். நாங்க செடிக்குக் கீழ நடந்து போறோம், அது மேல வளரட்டும்."

அதிகாரி எண்ணிக்கைப் பக்கத்தைப் புரட்டினார். "பத்துப் பன்னிரண்டு பேர்னு போட்டிருக்கே. இந்தக் கணக்கு யார் எடுத்தது?"

எங்கள் கம்பெனி சார்பில் வந்திருந்தவர் என் பக்கம் திரும்பாமல் இருக்கப் படாத பாடு பட்டார். நான் எழுந்தேன். 

"கையெழுத்து என்னுடையது மேடம். அது தப்புக் கணக்கு. வெள்ளிக்கிழமை எடுத்தது."

பின் வரிசைகளில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. சிரித்தவர்களும் இருந்தார்கள். அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

"நீங்க எந்த ஊர்?"

"நாகர்கோவில்."

"உங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை காலைல ஆபீஸ் வாசல்ல நின்னு எண்ணிட்டு, இந்த ஊர்ல யாருமே வேலை பார்க்கறதில்லைன்னு எழுதுவீங்களா?"

"மாட்டேன் மேடம்."

"இங்க மட்டும் எழுதிட்டீங்க."

ஆமாம் என்றேன்.  மறுபடி எண்ணும் வரை இடைவெளியை அடைக்கக் கூடாது, நாளைக் காலையே எண்ண வேண்டும், தன் அலுவலக ஆட்களும் கூட நிற்பார்கள், சுரங்கப் பாதை பற்றி அந்த எண்ணிக்கை வந்த பிறகு முடிவு செய்யலாம் என்று அதிகாரி எழுதினார். மேலதிகாரியிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. எடுத்து, சொல்லிவிட்டேன் சார் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். வேலை இருக்குமா என்று அன்றைக்குத் தெரியவில்லை. இதை எழுதும் வரையிலும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கே இடைவெளிக்குப் போய்விட்டேன். எதிர்ப்பக்கம் அலுவலக ஆட்கள் இரண்டு பேர் தாளோடு நின்றார்கள். இந்தப் பக்கம் எண்ணும் பொறுப்பு எனக்கு. ஒவ்வொரு வரிசையாகக் கடந்தது, கோடு கோடாகப் போட்டேன். முதல் தாள் நிறைந்து இரண்டாவது தாள் எடுத்தேன். ஏழே முக்காலுக்கு ஸ்டெல்லாவின் வரிசை சேர்ந்தது. வலது முனையில் அவர். இடது முனையில் ஜெனிஃபர், கண்ணில் மை, அம்மாவின் அதே கூர்மையான தாடை. டப்பாவை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்தபடி நின்றாள். என் மூத்த மகளுக்கும் அதே வயதுதான்.

"ஒரு தடவை நான் நிற்கிறேனே" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். "ஜெனி, நீ நடுவுல போ. எடது கைல சார் நிப்பாரு."

அந்தப் பெண் என் கையைப் பிடித்து அடுத்தவள் கையோடு சேர்த்துவிட்டு உள்ளே போனாள். முதல் பாதியை ஸ்டெல்லா பார்த்துக்கொண்டார். நடுத்திட்டில் நின்றோம். காலுக்கடியில் தரை அதிர்ந்தது. இடப்பக்கம் ஒரு கண்டெய்னர் லாரி வந்துகொண்டிருந்தது. என்னிடம் டப்பா இல்லை. எண்ணிக்கைத் தாள் செருகிய அட்டையைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தேன். லாரி பெரிதாகிக்கொண்டே வந்தது. ஓடிவிடலாம் என்றுதான் உடம்பு சொன்னது, என் வலக்கையைப் பிடித்திருந்த கை விடவில்லை. பிரேக் கிறீச்சிட்டு வேகம் குறைந்தது. நடந்தோம்.

மறுபக்கம் போய்ச் சேர்ந்ததும் அட்டையை இறக்கி அந்த வரிசைக்குக் கோடு போட்டேன். கேட்டுக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது, எல்லாரும் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா மட்டும் நின்றார்.

"எத்தினி சார் போட்டீங்க?"

"இந்த வரிசையில் முப்பத்தொன்று."

"உங்கள சேத்தா?"

எண்ணுகிறவரைச் சேர்க்கக் கூடாது என்பது விதி, அதனால் சேர்க்கவில்லை என்றேன்.

"நீங்களும்தானே சார் தாண்டுனீங்க" என்றார். "சேத்து எழுதுங்க."

எழுதினேன்.